கே.பி.எஸ். மேனனின் தன்வரலாறு: ஓய்வுபெற்ற ஒரு தூதரின் நூல் குறித்து

ஓய்வுபெற்ற தூதர்கள் எழுதும் தன்வரலாறுகளை ஓரளவுக்குத் தேடித் தேடி வாசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவற்றில் பெரும்பாலானவை விருந்துகளின் பட்டியலாகவும், சந்தித்த தலைவர்களின் பெயர் வரிசையாகவும், தம்மைக் கேட்டிருந்தால் உலகம் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்ற மறைமுக முறையீடாகவும் முடிந்துவிடுகின்றன. கே.பி.எஸ். மேனன் எழுதி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் 1965இல் வெளியிட்ட ‘மெனி வேர்ல்ட்ஸ்’ அந்த வரிசையில் சேராத நூல். அதில் குறைகள் உண்டு. அவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனாலும் அறுபதாண்டுகளுக்குப் பிறகும் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத நூல் அது. அதற்கு முக்கியக் காரணம், அதை எழுதியவர் வாழ்நாள் முழுவதும் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உள்ளவர் என்பதுதான். நடந்து முப்பது ஆண்டு ஆனபின் நினைவிலிருந்து தோண்டி எடுத்தவை அல்ல, நடந்த அன்றே பதிந்து வைத்தவை இதற்குள் நிறைய இருக்கின்றன.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். இந்திய வெளியுறவு வரலாற்றைப் பேசும்போது வி.கே. கிருஷ்ண மேனன், வி.பி. மேனன், கே.பி.எஸ். மேனன் ஆகிய மூவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அவையில் காஷ்மீர் குறித்து மணிக்கணக்காகப் பேசியவர் கிருஷ்ண மேனன். சுதேச சமஸ்தானங்களை இந்தியாவுடன் இணைக்கும் பணியில் சர்தார் படேலுக்குத் துணைநின்றவர் வி.பி. மேனன். இந்த நூலின் ஆசிரியரான குமார பத்மநாப சிவசங்கர மேனன் 1898இல் கோட்டயத்தில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியிலும் படித்து, ஐ.சி.எஸ். என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் முதலிடம் பெற்றவர். சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர். 1952 முதல் 1961 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதர். ஓய்வுக்குப் பின் பாரதப்புழைக் கரையிலுள்ள ஒற்றப்பாலத்தில் குடியேறி, 1982 நவம்பரில் காலமாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். மகனும் பேரன் சிவசங்கர் மேனனும் பிற்காலத்தில் அதே வெளியுறவுச் செயலாளர் பதவியை வகித்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் தனிச்சிறப்பு.

இளமைக்காலப் பகுதிகளில் என்னை அதிகம் ஈர்த்தது அவருடைய மாமனாரின் நிழல். மேனனின் மனைவி சரஸ்வதி, சேற்றூர் சங்கரன் நாயரின் மகள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், 1897இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவராகவும், வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராகவும் இருந்த சங்கரன் நாயர், பஞ்சாபில் நடந்த படுகொலையையும் இராணுவச் சட்ட அடக்குமுறையையும் கண்டித்து 1919இல் அக்குழுவிலிருந்து விலகினார். அத்தகைய மனிதரின் மருமகன், அது நடந்த சில ஆண்டுகளுக்குள் அதே பேரரசின் ஆட்சிப்பணியில் சேர்கிறார். அதிலும் வெள்ளையரே பெரும்பாலும் நிறைந்திருந்த வெளியுறவு மற்றும் அரசியல் துறைக்குள் நுழைகிறார். திருப்பத்தூரில் சப் கலெக்டராகத் தொடங்கி ஐதராபாத், வடமேற்கு எல்லை மாகாணம், பலூசிஸ்தானம் என்று நீளும் அந்த உத்தியோக வாழ்க்கையின் அடியில் இந்த இழுபறி ஓடிக்கொண்டே இருக்கிறது. மேனன் அதை உரக்கப் பேசுபவர் அல்லர். பேரரசுக்கு உழைத்ததற்காகப் பிற்காலத்தில் தலைகுனிபவராகவும் அவரை நான் காணவில்லை; தேசிய இயக்கத்தின் பக்கம் மனத்தால் நின்றதாக மிகைப்படுத்திச் சொல்லிக்கொள்பவராகவும் காணவில்லை. இந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன்.

தமிழ் வாசகர்கள் அவசியம் வாசிக்க வேண்டியது இலங்கைக் காலம். 1920களின் இறுதியில் மேனன் இந்திய அரசின் முகவராக இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1922இல் நிறைவேறிய இந்தியக் குடியகல்வுச் சட்டத்தைத் தொடர்ந்து உருவான பதவி அது; அலுவலகம் கண்டியில் இருந்தது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளர்களான கங்காணிமார் திரட்டிக்கொண்டு போன மக்கள் மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனை முடித்து, தலைமன்னாரில் இறங்கி, மலைநாட்டுத் தோட்டங்களின் லயன்களில், அதாவது வரிசைக் குடியிருப்புகளில், குடியமர்த்தப்பட்ட காலம். அவர்களின் குறைகளைக் கேட்பதும், 1927இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டங்களில் நடைமுறையாகிறதா என்று பார்ப்பதும், தோட்டத் துரைமாருக்கும் கொழும்பு அரசுக்கும் இந்திய அரசின் கருத்தை எடுத்துச் சொல்வதும் முகவரின் வேலை. தண்டிக்கும் அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம், மீண்டும் எழுதலாம், அவ்வளவுதான். தூதர் தொழிலின் அடிப்படைப் பாடத்தை மேனன் கற்றுக்கொண்டது மாஸ்கோவிலோ சுங்கிங்கிலோ அல்ல, தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களங்களும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசுகளும் சூழ்ந்த கண்டி மலைகளில்தான் என்பது என் முடிவு.

அவர் அங்கிருந்த காலம் சாதாரணமானதும் அன்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வழியாக இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை வந்தது. தோட்டத் தமிழர்களில் யாருக்கு வாக்கு, யாருக்கு இல்லை என்ற வாதம் அப்போதே கொதிக்கத் தொடங்கிவிட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை, ரப்பர் விலைகள் சரிந்து கூலியும் குறைக்கப்பட்டது. பின்னர் 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் பல இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியபோது டெல்லியில் வெளியுறவுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்தவர், முன்பு கண்டியில் அவர்களுடைய முறையீடுகளைக் கேட்ட அதே மேனன். நூல் வெளியானதற்கு முந்தைய ஆண்டு, 1964 அக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்திருந்தது. இந்தத் தொடர்ச்சி முழுவதையும் அருகிலிருந்து பார்த்தவர் என்று சொல்லத்தக்க இந்திய அதிகாரிகள் மிகச் சிலரே. அதனால் இலங்கைப் பகுதி இன்னும் பல மடங்கு நீண்டிருக்க வேண்டும் என்பது என் பெரிய மனக்குறை. அந்த மக்களின் தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இன்று நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாழ்கிறார்கள். அவர்களின் பாட்டன்மார் முகவர் அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்பதை மேனனைவிட நன்றாக யார் எழுதியிருக்க முடியும்?

1934இல் கிராம்பு வணிகத்தையும் நிலவுரிமையையும் கட்டுப்படுத்திய சட்டங்களால் பாதிக்கப்பட்ட இந்தியர்களின் நிலையை ஆராய ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சான்சிபார் தீவுக்குப் போய் அறிக்கை தந்தது, பின்னர் பரத்பூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தது ஆகியவை வரலாற்று ஆர்வலருக்குப் பயன்படும். பொது வாசகர் அவற்றை விரைவாகக் கடந்து சீனாவுக்குப் போய்விடலாம்.

1943இல் அவர் போர்க்காலச் சீனத்தின் தலைநகரான சுங்கிங்குக்கு இந்தியாவின் பிரதிநிதியாகப் போனார். பர்மாச் சாலை 1942இல் ஜப்பானியரால் துண்டிக்கப்பட்டபின், இந்தியாவிலிருந்து சுங்கிங் போவதென்றால் இமயத்தின் கிழக்கு முனை மீது பறக்கும் விமானம்தான் வழக்கமான வழி. மேனன் 1944இல் தரைவழியைத் தேர்ந்தார். கில்கிட், ஹுன்சா வழியாகக் காரகோரத்தைக் கடந்து காஷ்கருக்கும், அங்கிருந்து பாலைவன விளிம்பை ஒட்டி உரும்சிக்கும் பயணம் செய்து, பல மாதங்கள் கழித்துச் சுங்கிங் போய்ச் சேர்ந்தார். அதே இலையுதிர் காலத்தில்தான், அந்த ஊர்கள் அடங்கிய மேற்குச் சீன மாகாணமான சிங்கியாங்கைப் பத்தாண்டுக்கு மேல் தன் பிடியில் வைத்திருந்த ஷெங் ஷிசாய் பதவி இழந்தார். நவம்பரில் இலி பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. யுவான் சுவாங் நடந்த மண்ணில், ஓர் ஆட்சி குலையும் நேரத்தில், ஒரு மலையாளி ஐ.சி.எஸ். அதிகாரி கையில் நாட்குறிப்புடன் போய்க்கொண்டிருக்கிறார். இதை அவர் தனி நூலாகவே 1947இல் நேருவின் முன்னுரையுடன் வெளியிட்டார். தன்வரலாற்றில் வருவது அதன் சாரம் மட்டுமே என்பதால், பயண இலக்கியத்தில் விருப்பமுள்ளவர்கள் அந்தப் பழைய நூலையும் தேடிப் பிடிக்க வேண்டும். பயணத்தில் இருக்கும்போது மேனனின் கண் கூர்மையாகிறது. நாற்காலியில் அமர்ந்ததும் அந்தக் கூர்மை சற்று மழுங்குகிறது. இது நூல் நெடுக எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்த எண்ணம்.

இந்த நூலை நான் யாருக்காவது பரிந்துரைக்கும்போதெல்லாம் முதலில் சொல்வது கொரியாப் பகுதியைத்தான். 1948 தொடக்கத்தில் ஐ.நா. தற்காலிக கொரியா ஆணையத்தின் தலைவராக மேனன் சியோலுக்குப் போனார். ஒன்றுபட்ட கொரியாவில் தேர்தல் நடத்துவது ஆணையத்தின் வேலை. வடக்கே இருந்த சோவியத் தரப்பு ஆணையத்தை உள்ளே விட மறுத்தது. தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தினால் நாடு நிரந்தரமாகப் பிளக்கும் என்ற அச்சம் மேனனுக்கு இருந்தது. ஆயினும் நியூயார்க் அருகே லேக் சக்ஸஸில் கூடிய ஐ.நா. இடைக்காலக் குழு, அணுக முடிந்த பகுதியில் மட்டும் தேர்தல் நடத்தலாம் என்ற தீர்மானத்தைப் பிப்ரவரி 26 அன்று 31 வாக்குகளுடன் நிறைவேற்றியது. ஆணையத்தில் உறுப்பினராக இருந்த கனடாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்த்தே வாக்களித்தன. மே 10இல் தேர்தல், ஆகஸ்ட் 15இல் கொரியக் குடியரசு, சிங்மன் ரீ அதிபர். இரண்டே ஆண்டுகளில் போர்.

இந்த முடிவுக்கு வந்ததில் தன் பங்கு என்ன என்பதைப் பற்றி மேனன் எழுதியிருப்பது, தூதர்கள் எழுதிய நூல்கள் எதிலும் நான் காணாத அளவுக்கு நேர்மையானது. சியோலில் அவருக்கு நட்பான கவிஞர் மோ யுன்-சுக், சிங்மன் ரீயின் அணியைச் சேர்ந்தவர். தெற்கில் மட்டுமாவது தேர்தல் வேண்டும் என்ற அந்த அணியின் கோரிக்கையை மேனனிடம் தொடர்ந்து எடுத்துச் சொன்னவரும் அவரே. தம் பொது வாழ்வில் அறிவை மனம் வென்றது அந்த ஒரு முறைதான் என்று மேனன் தன்வரலாற்றில் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். மோ யுன்-சுக்கும் பிற்காலத்தில் இந்த நட்பைப் பற்றி எழுதினார். தென்கொரியாவில் இன்றுவரை விவாதிக்கப்படும் செய்தி இது. ஒரு நாட்டின் தலைவிதியோடு தொடர்புடைய ஒரு பணியில், தன் தீர்ப்பு தனி மனித உணர்ச்சியால் சாய்ந்தது என்று அறுபது வயதைக் கடந்த ஓர் அதிகாரி தாமாகவே எழுதி வைக்கிறார். யாரும் அவரைக் கேட்கவில்லை; எழுதாமல் விட்டிருந்தால் இந்தியாவில் எவருக்கும் தெரிந்திருக்காது. அந்தத் தீர்மானம் மேனன் ஒருவரால் நிறைவேறவில்லை என்பதும், அமெரிக்காவின் அழுத்தமும் பனிப்போரின் போக்கும் பெரிய காரணங்கள் என்பதும் உண்மையே. அவற்றைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ள அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. பிடித்துக்கொள்ளவில்லை என்பதற்காகவே இந்த மனிதர் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

மாஸ்கோவுக்கு வருவோம். விஜயலட்சுமி பண்டிட், ராதாகிருஷ்ணன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது இந்தியத் தூதராக மேனன் 1952இல் அங்கே போனார். 1953 பிப்ரவரி 17 மாலையில் கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். பேசிக்கொண்டே ஸ்டாலின் தன் முன்னிருந்த தாளில் சிவப்புப் பென்சிலால் ஓநாய்களை வரைந்துகொண்டிருந்ததை மேனன் கவனித்தார். பிறகு ஸ்டாலினே ஓநாய்ப் பேச்சை எடுத்தார்: ஓநாயை என்ன செய்ய வேண்டும் என்று ரஷ்யக் குடியானவனுக்குத் தெரியும், அதைக் கொன்றுவிட வேண்டும் என்ற பொருளில். கிரெம்ளின் மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக ஜனவரியில்தான் சோவியத் நாளிதழ்கள் எழுதியிருந்தன. நகரம் முழுக்க அச்சம் பரவியிருந்தது. அந்தச் சந்திப்புக்குப் பின் இரண்டு வாரத்தில் ஸ்டாலின் பக்கவாதத்தால் விழுந்து, மார்ச் 5இல் இறந்தார். ஸ்டாலினைக் கடைசியாகப் பார்த்த வெளிநாட்டவர் மேனன் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அதே மாலையில் அவருக்குப் பின் அமைதி இயக்கத் தலைவர் சைபுதீன் கிச்லூவும் ஸ்டாலினைச் சந்தித்தார் என்பதால், கடைசியாகப் பார்த்த வெளிநாட்டுத் தூதர் என்று சொல்வதே சரி. இருந்தும், அந்தக் கடைசி நாட்களின் ஸ்டாலினைப் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மேனனின் இந்தக் குறிப்பை நாடுகிறார்கள். தாளின் மேல் நகரும் ஒரு பென்சிலைக் கவனித்து, வீட்டுக்கு வந்ததும் அதை எழுதி வைத்த பழக்கத்தின் பயன் அது.

ஆனால் மாஸ்கோ ஆண்டுகள்தான் இந்த நூலின் பலவீனமான பகுதியும்கூட. ஒன்பதாண்டு ஓரிடத்தில் தங்கிய தூதருக்கு அந்த இடத்தின் மீது அன்பு வருவது இயல்பு. நேருவின் 1955 சோவியத் பயணம், அதே ஆண்டின் இறுதியில் புல்கானின், குருஷ்சேவ் இருவரின் இந்திய வருகை, பிலாய் உருக்காலை ஒப்பந்தம் என்று அந்த உறவு மலர்ந்ததில் மேனனுக்கு நியாயமான பெருமிதமும் உண்டு. அன்பு கண்ணை மறைக்கும் இடங்களைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன். ஹங்கேரிக்கும் அவரே தூதர். சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சி நசுக்கப்பட்டபின் டிசம்பரில் புடாபெஸ்டுக்குப் போய் நிலைமையை நேரில் பார்த்து நேருவுக்கு எழுதினார். பிற்காலத்தில் சுதந்திர ஹங்கேரியின் குடியரசுத் தலைவராகப் போகும் ஆர்பாத் கோன்ச், இந்தியா நடுவராக வரும் என்ற நம்பிக்கையில் ஹங்கேரிய அரசியல் சிந்தனையாளர் இஷ்த்வான் பிபோ வகுத்த சமரசத் திட்டத்தை இந்தியத் தூதரகம் வழியாகவே அனுப்ப முயன்றார். அதன் பொருட்டே கோன்ச்சும் பிபோவும் 1958இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். இந்தியாவின் மீது அந்த மனிதர்கள் வைத்த நம்பிக்கையின் எடை மேனனின் எழுத்தில் போதிய அளவு இறங்கவில்லை என்றே நினைக்கிறேன். பதவியில் இருப்பவரின் கட்டுப்பாடு புரிகிறது. ஓய்வுபெற்று ஒற்றப்பாலத்துத் திண்ணையில் அமர்ந்து எழுதும்போதும் அந்தக் கட்டுப்பாடு தளரவில்லை என்பதுதான் வருத்தம். ஓய்வுக்காலத்தில் இந்திய–சோவியத் கலாச்சாரக் கழகத்தின் தலைமையை ஏற்றதும், 1970களின் இறுதியில் லெனின் அமைதிப் பரிசு பெற்றதும் இதே மனப்போக்கின் தொடர்ச்சி. கொரியாவைப் பற்றி எழுதியபோது காட்டிய துணிவில் பாதியை மாஸ்கோவைப் பற்றி எழுதியபோது காட்டியிருந்தால் இது ஒப்பற்ற நூலாகியிருக்கும்.

நடையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆக்ஸ்ஃபோர்டில் தேய்த்து மெருகேற்றிய ஆங்கிலம். இடையிடையே கவிதை வரிகள் வரும். கடுஞ்சொல் எங்கும் இல்லை. சில வாசகர்களுக்கு இந்த மரியாதை சலிப்பூட்டலாம். எனக்கு அது ஒரு தலைமுறையின் குரலாகக் கேட்கிறது. தன்னோடு வேலை செய்த ஆங்கில அதிகாரிகளைப் பற்றி அவர் எழுதும்போது கோபத்தைவிடக் கூர்ந்த கவனிப்பே மேலோங்கியிருக்கிறது. தன் மனைவியைப் பற்றி எழுதும் இடங்களில் மட்டும் அந்த உத்தியோகத் தோரணை முழுதாகக் கழன்றுவிடுகிறது. மனைவி உடன் இருந்த ஊர்களும் உடன் இல்லாத ஊர்களும் நூலில் வேறு வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன.

நான் வைத்திருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய கெட்டி அட்டைப் பிரதி. தாள் பழுத்திருக்கிறது, ஓரங்கள் கைபட்டால் உதிர்கின்றன. தையல் மட்டும் இன்னும் பிடித்து நிற்கிறது. புதிய பிரதியை எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பெரிய நூலகங்களிலும் பழைய நூல் விற்பவர்களிடமும் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கும். விலை சொல்பவர் மனத்தைப் பொறுத்தது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாரதிய வித்யா பவன் பின்னர் இதன் விரிவாக்கப்பட்ட பதிப்பை ‘மெனி வேர்ல்ட்ஸ் ரீவிசிட்டட்’ என்ற பெயரில் வெளியிட்டது. இரண்டில் எது கிடைத்தாலும் வாங்கலாம். மாஸ்கோ ஆண்டுகளின் நாட்குறிப்புகளையே படிக்க விரும்புபவர்களுக்கு 1963இல் வந்த ‘தி ஃபிளையிங் ட்ராய்கா’ தனியாக உண்டு. தமிழில் இவற்றுள் எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு பதிப்பகம் முன்வந்து, குறைந்தபட்சம் இலங்கை, சிங்கியாங், கொரியா ஆகிய மூன்று பகுதிகளையாவது தக்க குறிப்புகளோடு மொழிபெயர்த்து வெளியிட்டால் மலையக வரலாறு படிக்கும் மாணவர்களுக்கே பெரிய உதவியாக இருக்கும்.

குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் இந்திய வெளியுறவுக் கொள்கை பற்றிய பாடநூலாக இதை அணுகினால் ஏமாறுவார்கள். ஒப்பந்தங்களின் விதிகளும் கொள்கை விளக்கங்களும் இதில் தேவையான அளவு இல்லை. ஓர் அதிகாரி ஒரு மாலைப் பொழுதில், ஓர் அறையில், அரைகுறைத் தகவல்களோடு எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அறிய விரும்புபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரியாது. முழுவதும் வாசிக்க நேரமில்லாதவர்கள் கொரியாப் பகுதியை முதலில் வாசியுங்கள், அடுத்து ஸ்டாலின் சந்திப்பு, அதன்பின் இலங்கை. பரத்பூரையும் டெல்லிச் செயலக ஆண்டுகளையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.